நூறு நொடி இருப்பு

மீனாட்சி பஜாரில் ஆயிரத்து எண்ணூறு சொன்னான்,
ஆயிரத்து நூறுக்கு இறங்கினான்.
"எம்பித்ரீயும் ஓடும்க்கா. ஒரே தட்டுல
நூத்தி அறுபத்திரெண்டு பாட்டு."

போட்டுப் பார்த்தால் அதற்கு எண்ணத் தெரியவில்லை.
ஒன்று முடிந்ததும் பத்து,
பத்துக்குப் பின் நூறு, நூற்றியொன்று, நூற்றிரண்டு.
திங்கட்கிழமை தொடங்கியது,
இரண்டாம் பாட்டு வந்து சேர
வியாழன் ஆகிவிட்டது.

அரப்பாளையத்தில் ஐந்து பத்துக்குக் கம்பெனி வேன்.
கப்பலூர் வரை
ஒயரின் இடது காது எனக்கு,
வலது ஒச்சம்மாளுக்கு.
அவள் பெயரைச் சுருக்கி ஓசி என்பார்கள்.
"பாட்டும் ஓசிதானே" என்று அவளே சிரிப்பாள்.
பென்சில் செல் வாங்குவதென்னவோ அவள்தான்.
செத்த செல்லைக் கடவாயில் வைத்துக் கடித்து
இன்னும் ரெண்டு பாட்டு வாங்கிவிடுவாள்.

மடியில் துப்பட்டாவைச் சுருட்டி
அதன்மேல் வைத்திருப்பேன்.
தட்டு விர்ரென்று சுற்றும்,
பிறகு நின்றுவிடும்.
முதல் நாள் திக்கென்றது.
தட்டு நின்றபின்னும்
பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

பஜார்க்காரனிடம் கேட்டேன்.
"நூறு செகண்டுக்கு முன்னாடியே
வாங்கி வச்சுக்கும்க்கா.
குலுங்குனாலும் தெரியாது."

வாஸ்தவம்தான்.
பசுமலை வேகத்தடையில் வேன் எகிறி
எல்லாரும் டிரைவரைத் திட்டும்போது
எங்கள் காதில் ஒரு பிசிறு இருக்காது.
குன்றம் நெருங்கி
ரோடு வழவழவென்று ஆனபின்,
யாரும் யாரையும் திட்டாத இடத்தில்
பாட்டு விக்கும்.
பசுமலையில் விழுந்த அடி அது.

ஒரு வெள்ளிக்கிழமை பழங்காநத்தத்தில்
காதிலிருந்ததை எடுக்காமலே சொன்னாள்.
"திருப்பூர்ல வேல கெடச்சிருச்சுடி.
திங்கக்கெழம சேரணும்."
"அப்படியா, நல்லது" என்றேன்.
பல்லவி வந்தது,
ஜன்னல் கம்பியில் தாளம் போட்டேன்.
பசுமலை.
குன்றம்.
திருநகர் மூணாவது ஸ்டாப்பில்
ஆள் ஏற வேன் சும்மா நிற்கையில்
"என்னடி சொன்னே?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு காதும் எனக்கே.
நாற்பத்து மூன்றாம் பாட்டில்
சரணத்துக்கு முன்னால் ஒரு வயலின்,
வலது பக்கம் மட்டும்.
அந்த இடத்தில் அவள்
எதற்கோ தலையாட்டுவாள்,
தூங்கி விழுகிறாள் என்று
முழங்கையால் இடித்திருக்கிறேன்.

ஷிப்டு முடிந்து
டீக்கடை ஒரு ரூபாய் போனில்
ஹாஸ்டல் நம்பரைப் போட்டேன்.
கூப்பிடப் போனவர்கள் திரும்புவதற்குள்
இரண்டு ரூபாய் போனது.
"ஓசி, உன் காதுல வயலின் இருந்திருக்குடி."
"நீ கேட்டதே இல்லயா?
அதுக்குத்தானே அந்தப் பாட்டத் திரும்பத் திரும்ப
வைக்கச் சொன்னேன்."

பிறகு கேட்டாள்:
"ஒம் பக்கம் என்னடி இருந்துச்சு?"

யோசித்தேன்.
காசு தீரப்போகிற சத்தம்
வர ஆரம்பித்திருந்தது.