என்ன முறை

அக்டோபரின் முதல் ஞாயிறு.
பியாவுயி வறள்காட்டில் பதினேழு கிலோமீட்டர்.
ஒன்பதாவதில் என் இடது முழங்கால் நின்றுவிட்டது,
நான் நிற்கவில்லை.

வாக்குப் போடாவிட்டால் அபராதம்.
சின்னத் தொகைதான், ஒரு கிலோ பீன்ஸ்கூட வராது.
கட்டாமல் விட்டால் பாஸ்போர்ட் கிடையாதாம்.
எனக்கு எதற்குப் பாஸ்போர்ட்?
பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு மனுப் போட முடியாதாம்.
அது வேண்டும்.

தேர்தல் நீதிமன்றத்தின் பஸ் வரும் என்றார்கள்.
பாலம் உடைந்த இடம்வரை வந்ததாம்.
ஆற்றில் தண்ணீரும் இல்லை, மேலே பாலமும் இல்லை,
பஸ்ஸுக்கு இறங்கி ஏறத் தெரியவில்லை.

பின்னால் டீசல் இருமல். எனக்குத் தெரிந்த இருமல்.
ஜெனேசியுவின் பிக்கப்.
விவாகரத்தில் வண்டி அவனுக்கு, ஆடுகள் எனக்கு.
எட்டு வருஷம். ஆடுகள் செத்துவிட்டன,
வண்டி ஓடுகிறது.

கண்ணாடியில் அவன் வேட்பாளரின் சிரிப்பு ஒட்டியிருந்தது.
"ஏறு, ஜுலெய்டி."
"சட்டம்" என்றேன்.
"சொந்த வண்டியில் சொந்தக் குடும்பம் போகலாம்.
அதுவும் சட்டம்தான்."
"நான் உன் குடும்பமா?"
"உன் முழங்காலைக் கேள்."

முழங்கால் ஏறிவிட்டது.

அந்தச் சட்டத்தைத் திட்ட எனக்கு மனம் வராது.
சனிக்கிழமை சந்தைக்கு ஆடு ஏற்றிய லாரியில்
ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிய முதலாளிகள் இருந்தார்கள்.
நடுவில் புழுக்கையைக்கூடக் கூட்டவில்லை.
ஏறும்போது ஒரு முறை எண்ணினார்கள்,
இறங்கும்போது ஒரு முறை.
இலவசம் என்றார்கள்.
ஆட்டுக்கும் டிக்கெட் கிடையாதே.

ஊர் எல்லையில் போலீஸ்.
சார்ஜென்ட் வாண்டர்லெய், வியர்வையில் நனைந்த ஒரு தாள்.
"வண்டி உன்னுடையது. இது மனைவி. இது பிள்ளை.
பின்னால் இருக்கிறவர் உனக்கு என்ன முறை?"

ஜெனேசியு ஸ்டியரிங்கைப் பார்த்தான்.
முன்னால் இருப்பவள் மனைவி,
முன்னாள் மனைவி பின்னால்.
இதை எந்த வாயால் சொல்வது?

நான் சொல்லியிருக்கலாம்:
ஐயா, அந்தச் சிரிப்புக்கு எதிராகக் குத்தத்தான் போகிறேன்,
என்னை ஏற்றியதில் இவனுக்கு ஒரு வாக்கு நஷ்டம்.
ஆனால் வாக்கு ரகசியம். அதுவும் சட்டம்.
வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம்,
எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு ஞானத்தாய்."

மரினால்வா. திரும்பிக்கூடப் பார்க்காமல்.
எட்டு வருஷத்தில் என் காதில் விழ அவள் சொன்ன
முதல் வார்த்தை.

சார்ஜென்ட் தாளைப் புரட்டினார்.
அதில் குடும்பம் என்று இருந்தது,
எதுவரை குடும்பம் என்று இல்லை.
அவருக்கும் எங்கோ ஒரு ஞானத்தாய் இருந்திருக்க வேண்டும்.
"போ" என்றார், தாளை விசிறியாக்கிக்கொண்டு.

இரண்டு எண். பச்சைப் பொத்தான்.
இயந்திரம் நீளமாகக் கீச்சிட்டது.
வெளியே வந்தபோது அவர்கள் நிழலில் நின்றிருந்தார்கள்.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
திரும்பும்போது நடந்தேன்,
ஒரு பொய்க்கு ஒரு வழிதான் என்று எனக்குப் பட்டது.
பாதி வழியில் பிக்கப் தாண்டிப் போனது, வேகம் குறைத்து.
ஜன்னல் வழியே ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது.

சிரிப்புக்காரன்தான் ஜெயித்தான்.
பாலம் அப்படியே கிடக்கிறது.

டிசம்பரில் மரினால்வா ஆள் அனுப்பினாள்.
சார்ஜென்டிடம் சொன்னதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லையாம்,
வந்து உண்மையாக்கிவிட்டுப் போகச் சொன்னாள்.

யார் வேண்டுமானாலும் யாரையும் ஏற்றலாம் அன்றைக்கு.
வண்டி வாசலுக்கே வந்தது.
பின்னால் ஏறினேன், பழக்கம்.

பாதிரியாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.
இந்த முறை நானே பதில் சொன்னேன்.
கனமான பிள்ளை.
தலையில் தண்ணீர் பட்டதும்
அந்த இயந்திரம் மாதிரியே
நீளமாகக் கீச்சிட்டான்.