நட்சத்திரம், புள்ளி, டெப்

திங்கட்கிழமைப் படகில், ரொட்டிப் பையின் அடியில்,
மாவு ஒட்டிய பென்டிரைவ் ஒன்று வந்தது.
காஸ்த்ரோ நூலகத்து யாஸ்னா மன்சியா அனுப்பியது.
"இதற்குக் கூலி உண்டா?" என்றார் படகோட்டி எலிசேர்.
எடையே இல்லாததற்கு என்ன கூலி என்றேன்.
இருநூறு எம்.பி. என்று சொல்லவில்லை.

கெவி தீவின் சிப்பி வளர்ப்போர் சங்கத்தில்
ஒரு கணினி, ஒரு விறகடுப்பு.
இரண்டும் அணையாமல் பார்ப்பது என் வேலை.
முன்பிருந்த நோல்பெர்த்தோ
பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினான்.
மற்றதை ஏற்றுமுன் தெற்கே
புந்தா அரேனாசில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
வெள்ளிக்குள் அறுவடைக் கணக்கு போகவேண்டும்.
அட்டவணையாக.
கையால் எழுதினால் செல்லாதாம்.

முனையம் திறந்தால் கறுப்புச் சதுரம்.
கடவுச்சொல் கேட்டது.
விசைப்பலகையைக் கவிழ்த்தேன்,
பிளாஸ்திரித் துண்டில் அவன் கையெழுத்து:
மூழ்கிய படகொன்றின் பெயர், ஒரு வருடம்.
தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழவில்லை.
கிணற்றில் போட்ட கல் ஒவ்வோர் எழுத்தும்.
கடைசியில் கதவு திறந்தது,
திறந்தேன் என்றுகூடச் சொல்லாமல்.

பொதியை அவிழ்த்தேன்.
உள்ளே ஓர் அறை, அறைக்குள் நாற்பத்திரண்டு பொட்டலம்.
பேர் சொல்லி ஒவ்வொன்றாய்க் கூப்பிடவேண்டாம்,
காகிதத்தில் யாஸ்னா எழுதியிருந்தாள்:
நட்சத்திரம், புள்ளி, டெப்.
நட்சத்திரம் என்றால்
வீட்டோடு எல்லோரும் வாங்க என்று அர்த்தம்.

வாசலிலேயே மறித்தது எந்திரம்.
வந்தவர்கள் அறுபத்துநான்கு பிட்.
இது முப்பத்திரண்டு.

விறகு போட்டேன்.
மழை.
அடுத்த படகு புதன்.

தேவாலயத்துக்குப் பின் மேட்டில்தான் சிக்னல், இரண்டு கோடு.
"முப்பத்திரண்டா? அது இன்னும் உயிரோடு இருக்கிறதா?"
சிரித்தாள் யாஸ்னா.
என் குடை பின்பக்கம் திரும்பிக்கொண்டது.

புதன்கிழமை மீண்டும் ரொட்டி, மீண்டும் மாவு.
நட்சத்திரம், புள்ளி, டெப்.
இந்தமுறை வரிகள் ஓடின,
வலைக்குத் தப்பிய நெத்திலிபோல,
வாசிக்குமுன் மேலேறி மறைந்தன.
முடிந்தது என்றது.
எங்கே என்று சொல்லவில்லை.
பட்டியலில் முகமே இல்லை.
வந்த விருந்தாளி பரணில் ஏறிப் படுத்ததுபோல்!
முகம் காட்டுவதற்கென்றே தனிப் பொட்டலமாம்,
அதையும் ஏற்றினேன்.

எழுந்தது. ஆங்கிலம் பேசியது.
அதனாலென்ன, கட்டம் கட்டம்தானே என்று
ஒரோசிம்போ பாரியாவின் ஈரச் சீட்டைப் பார்த்து
1.250 கிலோ என்று அடித்தேன்.
ஒன்றேகால் என்று எடுத்துக்கொண்டது.
குளிர்காலம் முழுக்கக் கயிறு இழுத்தவருக்கு
ஒன்றேகால் கிலோ.
நம்மூர்ப் புள்ளி ஆயிரத்துக்கு;
அவர்கள் ஊர்ப் புள்ளி உடைந்த துண்டுக்கு.
ஸ்பானிஷ் பொட்டலத்தை அவிழ்த்து ஏற்றி,
வட்டாரம் சிலே என்று மாற்றிவிட்டு
திரும்ப அடித்தேன்.
ஆயிரத்து இருநூற்றைம்பது.
ஈரச் சீட்டை அடுப்பருகே காயவைத்தேன்.

நோல்பெர்த்தோ துடைக்காமல் விட்ட கோப்பு ஒன்றிருந்தது,
போன வருடக் கணக்கு.
தேதி, பெயர், கிலோ.
நடுநடுவே கிலோ இருக்கவேண்டிய இடத்தில்
"மழை".
"சிவப்பலை, அறுவடைக்குத் தடை".
ஒரு மார்ச் வாரம் நெடுக
"எலிசேரின் தம்பியைத் தேடினோம்".
மறுவாரம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம் 840.

அடியில் மொத்தம் சரியாகத்தான் இருந்தது.
கூட்டல் சொல்லைத் தொடுவதில்லை,
எண்ணிலிருந்து எண்ணுக்குத்
துடுப்பை நனைக்காமல் போய்விடுகிறது.

வெள்ளிக்கு ஒருநாள் இருக்கும்போதே அனுப்பிவிட்டேன்.
அதற்குமுன் எங்கள் பிரதியில் மட்டும்
இந்தத் திங்கள், செவ்வாய்க்கு எதிரே,
மொத்தத்தில் சேர்ந்துவிடாதபடி
எழுத்தால் எழுதினேன்:
முப்பத்திரண்டு.