பதினொரு பேர்ச்

உறுதியில் எழுதியிருக்கிறது:
கிழக்கே ஒழுங்கை,
மேற்கே சின்னையர் பிள்ளைகளின் காணி,
வடக்கே அரச ஒதுக்கு,
தெற்கே நாலடி விட்டு வேலி.
இதனுள் அடங்கிய பனை மூன்று, முருங்கை ஒன்று,
நன்னீர்க் கிணறு,
வழிவாய்க்கால் உரிமை.

பனைகளைச் சூறாவளி கொண்டுபோயிற்றாம்.
முருங்கையை நான் கண்டதேயில்லை.
கிணறு இருக்கிறது.

டிப்போவில் காசாளர் வேலை எனக்கு.
மூதூர் பஸ்சின் ஈரச் சில்லறை,
கிண்ணியா பஸ்சின் மீன் மணக்கும் நூறு ரூபாய்த் தாள்,
பதினெட்டு வருசமாய் ஊரார் காசை எண்ணிய விரல்கள்
தங்களுக்கென்று எண்ண ஏதாவது கேட்டன.
சங்கிலியை விற்றேன்.
சீட்டைப் பெரிய கழிவுக்கு முந்தியே எடுத்தேன்.
மிச்சத்தை வங்கி தந்தது.
வட்டி மாறுமென்று சொன்னார்கள்,
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் கொமிசன் வாங்குகிற தரகர் இன்பராசா
மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்:
"கடல் நானூறு மீட்டர், தங்கச்சி.
ரெண்டு அறையைப் போடு.
வெள்ளைக்காரன் வந்து வரிசையில நிப்பான்."
கடல் நானூறு மீட்டர்தான்.
அதைக் கிணறும் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டத்தரணி பத்மலோஜினி கண்ணாடியைக் கழற்றினார்.
கண்ணாடி கழன்றால் செலவு என்று அர்த்தம்.
கையெழுத்து வைத்தவர்கள் ஆறு பேர்,
பிறந்தவர்கள் ஏழு.
ஏழாவது ஆள் ஸ்காபரோவில்.
பதினொரு பேர்ச்சில் ஏழிலொன்று அவருடையது,
பிரிபடாத பங்கு.
எந்த மூலை என்று கேட்டேன்.
"மூலை இல்லை," என்றார்,
"ஒவ்வொரு கல்லிலும் ஏழிலொன்று."

அத்திவாரம் போட்டு முடிந்திருந்தது அப்போது.

மாதத்துக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் அழைக்கிறேன்.
சுகம் கேட்க முன்னமே அவர் கேட்பார்,
"இப்ப பேர்ச் என்ன விலை போகுது?"
"விழுந்து போச்சண்ணை" என்கிறேன்,
வங்கி மதிப்பீட்டாளரிடம் கூட்டிச் சொன்ன
அதே வாயால்.

வெள்ளைக்காரர் வந்தார்கள், பொய்யில்லை.
ஒரு சீசன் நிறைய, மறு சீசன் பாதி,
எரிபொருள் வரிசை வருசத்தில் ஒரு பூனை.
மாரி வந்தால் மழை மட்டும் குடியிருக்கும்,
வாடகை தராது, கூரையால் இறங்கும்.
மாதம் பிறந்தால் தவணை பிறக்கிறது.
ஆளில்லாத அறைக்கும்
மின்சாரசபை கடிதம் போடுகிறது.

கடைசியில் நிரந்தரமாய் ஒருவரை வைத்தேன்.
பொத்துவிலிலிருந்து மாற்றலாகி வந்த
கணித ஆசிரியை ஃபர்வின்.
ஒழுங்கானவர். பத்து மாதம் முதலாம் திகதியே காசு.
பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை.

கச்சான் வீசிய ஒரு சனிக்கிழமை
கோபத்தை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.
இருக்கச் சொன்னார்.
பிளேன்டீ தந்தார்.
ஒரு மிடறு.
சீனி போட்டிருந்தார், அதற்கு மேலால்
கடல் நின்றது.

"உங்கட கிணத்துத் தண்ணிதான்," என்றார் மெல்ல,
"மற்ற நாளில வாங்கித்தான் குடிக்கிறன்."
தவணைப் பரீட்சைத் தாளின் பின்பக்கம்
கணக்கு எழுதி வைத்திருந்தார்.
மூன்று மாத வாடகை,
கழிக்க: பவுசர் தண்ணீர்,
கழிக்க: துருப்பிடித்த பம்புக்குப் புது வால்வு,
கழிக்க: நுரைக்காமல் கரைந்த சவர்க்காரம்.
அதற்கு நேரே அரை மார்க் போல ஒரு சிறிய தொகை.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி.
பிழையில்லை.

உப்புவெளி.
ஊரின் பேரிலேயே எழுதியிருந்திருக்கிறது,
உறுதியில் மட்டும் இல்லை.

மீதியை எண்ணி வாங்கினேன்.
தேநீரை மிச்சம் வைக்க வெட்கமாயிருந்தது, குடித்தேன்.
அடுத்த மாதம் குழாய்த் தண்ணீருக்கு எழுதிப் போடுவதாய்ச் சொன்னேன்.
எழுதிப் போட உரிமையாளர் ஏழு பேரும் கையெழுத்திட வேண்டுமோ,
தெரியாது.

ஒழுங்கை முனையில் புதுத் தகரம் ஒன்று:
காணி விற்பனைக்கு, ஆறு பேர்ச்.
கீழே இருந்த இலக்கம்
என் ஃபோனில் ஏற்கெனவே இருந்தது.
"கிணறு எப்பிடி?" என்றேன்.
"தேன் மாதிரி, தங்கச்சி."

சிரித்தேன். அவரும் சிரித்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு விலையையும் கேட்டேன்.
கேட்கிறதுக்கு என்ன,
காசா பணமா.