கைமாற்று

ஆறு பருவம் அவன் கைகள்
என் தொடைகளுக்கு நடுவே காத்திருந்தன.
சிரிக்காதீர்கள், சென்டரின் வேலை அது.
குனிந்து, பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு
முந்நூற்றிருபது பவுண்டு ஆசாமி ஒருவனிடம்
நெஞ்சில் இடி வாங்குவது.
கார்வின் ஸ்ட்ரேடின் முகத்தைவிட
அவன் விரல்களை எனக்கு நன்றாகத் தெரியும்.
இடது சுண்டுவிரல் மூட்டில் ஒரு கோணல்,
டிசம்பரில் மட்டும் வலிக்கும்.

டொலீடோவில் மார்ச் முதல் வாரம்.
பனி சேறாகி, சேறு மறுபடி உறையும் நாட்கள்.
நாலு மணி கெடு.
நாலாக ஆறு நிமிஷம் இருக்கையில்
அவன் பெயர்மேல் முத்திரை குத்தினார்கள்,
இரண்டாவது வருஷமாக.

அதென்ன முத்திரை என்று கேட்டாள் சினாலெய்.
ஒப்பந்தம் முடிந்தவன் போகலாம் என்கிறது விதி,
போகக்கூடாது என்கிறது
அதே விதியின் அடுத்த பத்தி.
குவார்ட்டர்பேக்குகளில் அதிகம் வாங்கும்
ஐந்து பேரின் சராசரிச் சம்பளம்,
ஒரே ஒரு வருஷத்துக்கு.
இரண்டாம் முறை குத்தினால்
போன வருஷத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கூட.
"நாற்பது மில்லியனுக்கு மேல் வருமே,
அழுகிறானா?" என்றாள்.
"முழங்காலை வருஷ வாடகைக்கு விட்டிருக்கிறான்,
உடைந்தால் வீட்டுக்காரன் பொறுப்பு" என்றேன்.
தேங்காய்ப்பால் பன்னுக்கு மாவு பிசைவதை
அவள் நிறுத்தவில்லை.

கையெழுத்துப் போடாதவரை
அவனை விற்கவும் முடியாது,
ஆடவைக்கவும் முடியாது.
ஆறு வாரம் அவன் பேனாவைத் தொடவில்லை.
வானொலியில் ஊர் அவனை வறுத்தெடுத்தது:
பணப்பேய், நன்றி கெட்டவன்.
நவம்பரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம்
கார்வின் என்று பேர் வைத்த அதே ஊர்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
பதினொரு மணிக்குக் கையெழுத்து.
பதினொன்று இருபதுக்கு அவன் டூசான்காரன்.
தங்குவதற்கான தாளில் போட்ட கையெழுத்துதான்
கிளம்புவதற்கான சீட்டு.
மூன்று தடவை படித்தும் எனக்கு விளங்கவில்லை.

பதிலுக்கு எங்களுக்கு
இந்த வருஷ டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு பையன்,
அடுத்த வருஷம் இன்னொருவன்.
யாரென்று யாருக்கும் தெரியாது.
அந்த இரண்டாமவன் அன்றைக்கு
ஏதோ ஒரு கல்லூரி விடுதியில்
கணக்குத் தேர்வுக்குப் போகாமல்
குப்புறப்படுத்துத் தூங்கியிருப்பான்,
தான் ஒருவனில் பாதிக்கு
விலைபோனது அறியாமல்.

எனக்கு யாரும் முத்திரை குத்தியதில்லை.
சென்டரும் டேக்கிளும் அங்கே ஒரே பட்டியலாம்,
டேக்கிள் விலையை எனக்குத் தரக்
கணக்கப்பிள்ளைகளுக்கு மனம் வருமா?
ஆகவே நான் சுதந்திரமானவன்.
மூன்று வருஷம் முன்பு ஒருமுறை
முழுச் சுதந்திரத்தில் இருந்தேன்,
பதினோரு நாள் போன் அடிக்கவில்லை.

லாக்கரை டுவேன் காலிசெய்தான்.
பாதி பாட்டில் ஊறுகாய்ச் சாறு,
ஜோடியில்லாத ஒரு ஷூ,
மகள் வரைந்த குதிரையோ நாயோ ஒன்று.
எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு
டேப் ஒட்டினான்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, பெர்ரிஸ்பர்க் தாண்டி,
கார்வினின் வண்டி பனியில் புதைந்தது.
இழுவை வண்டிக்காரன் கார்டு வாங்கமாட்டேன் என்றான்.
இவன் பர்ஸில் கார்டைத் தவிர ஒன்றுமில்லை.
நாற்பது டாலர், கைமாற்றாகக் கொடுத்தேன்.
"திங்கட்கிழமை தந்துவிடுகிறேன், செமிசி."

மே மாதம் புதுப்பையன் வந்தான்.
ரெனார்ட், இருபத்தொரு வயது, ஈரக் கைகள்.
"கொஞ்சம் கீழே, சார்" என்றான்.
சார்!
பந்து நழுவி விழுந்தது. இரண்டு முறை.
மூன்றாவது முறையும் விழுந்தது.

அக்டோபரில் டூசான் இங்கே வருகிறது.
அவன் எறியும்போது நான் பெஞ்சில் இருப்பேன்,
நான் குனியும்போது அவன்.
ஒரே நேரத்தில் களத்தில்
எங்கள் இருவருக்கும் இனி இடமில்லை.
ஆட்டம் முடிந்து நடுக்கோட்டில் கை குலுக்குவோம்,
சுண்டுவிரல் எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.
நாற்பதைப் பற்றிப் பேசமாட்டேன்.
அவனுக்கே ஞாபகம் வந்து
திங்கட்கிழமை என்று ஆரம்பித்தால்
ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு,
கூட்டத்தின் இரைச்சலில்
காது கேட்காதவன்போல நடப்பேன்.