நாற்பது நாள்

டக் டக் என்றது முதலில்,
பல்லி என்று விட்டுவிட்டோம்.
மூன்றாம் நாள் திரை கறுத்து
வட்டு இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுப்
பேசாமல் கிடந்தது பெட்டி.
திறந்தால் உள்ளே தவிடு.

"பழசு கெடச்சாலும் பரவால்ல,
ஒரு டிபி போதும்" என்றார் முதலாளி,
நெல்லைப் பல்லில் வைத்து
ஈரம் பார்த்துக்கொண்டே.

மன்னார்குடி, பந்தலடி, நஜ்முதீன் கடை.
நீல ஒட்டுக்காரன் மேசைக் கணினிக்கு, என்றார்.
எழுத்தில் பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும்,
திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும்.
அதற்குள் வாசலில் லாரி போயிருக்கும்.
ஊதா அப்படியில்லை.
பிழையை விட்டுவிட்டு அடுத்ததை எழுதப் போய்விடும்,
இருபத்துநாலு மணி நேரமும் உட்காராது.

முதலாளி ஊதா, நான் நீலம்
என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தித்தாளில் சுற்றிய பழையது ஒன்று,
பாதி விலை.
ஓடுகிறதா என்று மாட்டிக் காட்டினார்.
எந்த ஊர் லாட்ஜோ, மாடிப்படி.
நாலு வருஷம் முந்திய தேதி, விடிகாலை.
ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
இறங்கி வருகிறாள்.
கடைசிப் படியில் நின்று
மேலே பார்க்கிறாள்.
பட்டென்று அணைத்தார் நஜ்முதீன்.
"அழிச்சுட்டுத்தாம்மா கொடுப்பேன்."

அது வேண்டாம் என்றேன்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
ஒரு கேமராவுக்கு நாளைக்கு இருபது ஜிபி,
எட்டுக்கு நூற்றறுபது.
ஒரு டிபி என்றால் ஆறு நாள்.
இரண்டு என்றால் பன்னிரண்டு.
செத்துப்போனது அந்த இரண்டுதான்.

களம் கூட்டும் செங்கமலம்
ஏழு சிப்பம் எடுத்தாள் என்று
இருப்பெடுத்த முப்பதாம் தேதி சொன்னார்கள்.
குறைந்தது ஐந்தாம் தேதியா பத்தாம் தேதியா
யாருக்கும் தெரியாது.
"கேமராவப் பாருங்கய்யா" என்றாள்,
"அது தூங்காமத்தான பாத்துக்கிட்டிருக்கு."
பார்த்தேன்.
பதினெட்டாம் தேதிக்கு முன்னால் ஒன்றுமில்லை.
நிரம்பிப்போய்த் தன் மேலேயே
எழுதிக்கொண்டிருந்தது தகடு.
அன்றே அவளை நிறுத்தினார்கள்.
குற்றம் சொன்னது நானில்லை.
கூலிப் பதிவேட்டில் அவள் பெயர்மேல்
அளவுகோல் வைத்துக் கோடு போட்டது
நான்தான்.

மாதம் ஒருமுறை இருப்பெடுக்கும் மில்லுக்கு
பன்னிரண்டு நாள் ஞாபகம் எதற்கு?

ஆறு டிபி வரை ஏற்குமாம் எங்கள் பெட்டி.
ஆறுக்குக் காசில்லை.
நாலில் இருபத்தைந்து நாள்தான் வருகிறது.
"பிரேமைக் கொறச்சிரலாம், இருபத்தஞ்சப் பதினஞ்சாக்கி.
நடக்கிற ஆள் கொஞ்சம் தவ்வித் தவ்விப் போவான்,
மொகம் தெரியும்" என்றார்.
நாற்பது நாள்.

நாலு டிபி ஊதா.
மேல்தொகை என் கைப்பையிலிருந்து.
ஏதோ சலுகையில் கிடைத்தது
என்று சொல்லிக்கொள்ளலாம்.
இருப்பில் வராத சரக்கு இப்போது
என்னிடமும் ஒன்று.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
துப்பட்டாவில் சுற்றி, வெயில் படாமல்
மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம்.
சரக்கு வேகன் நாற்பத்திரண்டு.
எண்ணுகிற புத்தி போகவில்லை.

மாட்டி, ஃபார்மட் போட்டு, தேதி திருத்தினேன்.
கட்டம் கட்டமாய் விழித்தது திரை.
எடைமேடை. பாய்லர்.
களத்தில் யாரும் விரட்டாத இரண்டு கொக்கு.
முதல் கட்டம், வாசல்:
கம்பிக் கதவுக்கு வெளியே செங்கமலம்.
நின்றுபோன பதினோரு நாள் கூலி கேட்டு
வந்திருப்பாள்.
வாட்ச்மேன் கையை ஆட்டுகிறார்.
போகவில்லை அவள்.
லேசாய்த் தவ்வினாற்போல்
கால் மாற்றி நிற்கிறாள்.

திரை மூலையில் சிவப்புப் புள்ளி.
பதிவாகிறது.