எட்டுக் கோடுகள்

விண்ணப்பத்தை இங்கே நாங்கள் பாரம் என்போம்.
சரியான சொல்தான்.
நான்கு பக்கம், ஒரு ஸ்டேப்ளர் ஊசி.
பதினோரு மாதமாய்
அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது.

பெயர் எழுதிவிட்டேன். கார்டு நம்பர் எழுதிவிட்டேன்.
மூன்றாம் பக்கத்தில் சொக்சோ மலாயில் கேட்டது:
விபத்து எப்படி நேர்ந்தது?
கீழே எட்டுக் கோடுகள்.

அந்த எட்டுக்குப் பயந்து
காற்றாடி இறக்கைகளைத் துடைத்தேன்.
மச்சான் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.
நல்ல பேனா இருந்தால் எழுதலாமென்று
பேனா வாங்கப் போய்
தேத்தாரே குடித்துவிட்டுத் திரும்பினேன்.
ஒன்றே செய், நன்றே செய், இன்றே செய் என்று
ரோஜாப் படத்தின் மேல்
தினமும் அனுப்புவார் மாடிவீட்டுத் தனபாக்கியம்.
ஒன்பது விரல்காரன் நான்
பத்து விரலும் உள்ள மஞ்சள் கைகளைக் கூப்பி
பதில் அனுப்புவேன்.

புனிதமலர் ஏசவில்லை.
ஒரு திங்கட்கிழமை என் சோற்றுப் பைக்குள்
பாரத்தைச் சொருகினாள், கூடவே ஒரு பென்சில்.
"வீட்ல எழுதாதீங்க.
ஃபெரியில மட்டும்.
தீவு வந்ததும் மூடிடணும்,
பாதி எழுத்துல இருந்தாலும்."

பட்டர்வொர்த்தில் கயிறு அவிழ்ந்து
ஜார்ஜ்டவுனில் கயிறு விழும் வரை
பத்து நிமிடம்கூட இல்லை.
முதல் நாள் பிரித்து மடித்தேன், அவ்வளவே.
இரண்டாம் நாள்: "அன்று".
மூன்றாம் நாள் "அன்று" பக்கத்தில் "வெள்ளிக்கிழமை".
பென்சில் என்பதால்
தப்பாய் எழுதத் துணிச்சல் வந்தது.

நான்காம் நாள்
"வெட்டும் மெஷினில் தாளை நகர்த்த இடது கையை"
என்பதோடு கப்பல் இடித்து நின்றது.
மூடிவிட்டேன். சத்தியம் சத்தியம்தானே.
அச்சகத்தில் பகல் முழுக்க
அந்த அரை வாக்கியம் அரித்தது,
இல்லாத சுண்டுவிரல் சில ராத்திரி அரிப்பதுபோல.
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஃபெரிக்கு ஓடினேன் அன்று மாலை.

பிறகு இரண்டு நாள் மழை. ஒரு சொல்லும் இல்லை.
முன்பென்றால் அதையே சாக்காக்கி
பாரத்தை மறுபடி வாளிக்கு அனுப்பியிருப்பேன்.
இந்தத் தடவை
விட்ட நாளுக்கு வட்டி போடவில்லை.
திங்கள் வந்தது, பென்சிலைச் சீவினேன்.

ஆறாவது கோட்டில்தான் தெரிந்தது
சோம்பல் என்று நான் பேர் வைத்திருந்தது எதற்கு என்று.
கல்யாணப் பத்திரிகை ஐந்நூறு,
சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள்.
கைக்காப்புத் தகடு இடைஞ்சலாய் இருந்தது.
கழற்றச் சொன்னது யாருமில்லை.

நடுக்கடலில்,
தோள்பக்கம் ஒரு சீனப் பையன்
காதில் பாட்டோடு தூங்கிக்கொண்டிருக்க,
எழுதினேன்:
"கழற்றியது நான்."
அழிப்பான் மேல்முனையில்தான் இருந்தது.
தொடவில்லை.

மீதி இரண்டு கோடு
ஒரே பயணத்தில் முடிந்தது.

கவுண்டரில் இருந்த பெண்
பக்கங்களை எண்ணினாள், கோடுகளை அல்ல.
முத்திரை குத்தினாள்.
"அடுத்தவர்."

திரும்புகிற ஃபெரியில் கை சும்மா இருந்தது.
தண்ணீரைப் பார்த்தேன், பாலத்தைப் பார்த்தேன்.
பையில் பென்சில், முக்கால் நீளம்.

பல் டாக்டருக்கு இன்னும் போன் செய்யவில்லை.
நம்பரை மட்டும்
சோற்று டப்பா மூடியில்
எழுதி வைத்தேன்.