அடகுக் கவுண்டர், கல்முனை

விதைப்புக் காலம் வந்தால்
எனக்குக் கழுத்துகள்தான் வரிசையில் வரும்.
யூரியாவுக்கு, உழவு மெசினுக்கு,
வட்டைக்குள் தண்ணி திறக்கமுதல்
கட்டவேண்டிய குத்தகைக்கு.

மருதமுனை லத்தீபா
சனத்துக்கு முதுகு காட்டி நின்று
முக்காட்டை விலக்குகிறா.
"கழட்டித் தாங்க மிஸ், கை எட்டுதில்ல."

பக்கக் கதவால் போனேன்.
சங்கிலி கிடந்த இடத்தில்
கழட்ட ஏலாத இன்னொன்று:
கறுத்து, தடித்து,
வெல்வெட் துணியின் ஓரம்போல் மெத்தென்று.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
"ஊத்தை இல்ல மிஸ்" என்றா.
"தேசிக்காய் பூசினன், பயத்தமா, பீர்க்கங்கூடு,
ரத்தம் கசியத் தேய்ச்சும் பாத்திட்டன்.
மாமிக்கு நான் குளிக்காத கழுத்து."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பெயர், அடையாள அட்டை, கரட், நிறை.

கொளுக்கியோ என் விரலுக்கு அகப்படவில்லை.
மெழுகு வார்த்ததுபோல் தோல் இறுகி
ஆறு வருசம்.
போன கிளினிக்கில் டொக்டர் "கும்பிடுங்க" என்றார்.
அவ்வளவு பெரிய ஆளா நீங்கள் என்று
சிரித்துக்கொண்டே கூப்பினேன்.
உள்ளங்கைகளுக்கு நடுவே
ஒரு கொட்டைப்பாக்கு ஒளித்துவைக்கலாம்.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
அன்றிலிருந்து கோயிலில்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்,
திமிர் என்று சொல்கிறார்களாம்.

கடைசியில் தராசுக்குப் பக்கத்துச் சாவணம்தான்
கொளுக்கியைத் திறந்தது.
இரண்டு பவுணுக்குக் கொஞ்சம் குறைய,
தேய்மானம்.

"சீனி பாத்தீங்களா, லத்தீபா?"
"ஏன் மிஸ், எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே."
பதிலுக்கு என் கையை நீட்டினேன்.
வாங்கி, விரல் முதுகைக் கிள்ளி,
பெருவிரலால் உருட்டிப் பார்த்தா,
தறிக்காரி துணி பார்க்கிற பார்வை.
"கஞ்சி கூடிப்போச்சு" என்றா.

இருவருக்கும் சிரிப்பு வந்தது,
முகாமையாளர் தலையை நீட்டுகிற அளவுக்கு.

"வியாழக்கிழமை வெறும் வயித்தோட
ஆஸ்பத்திரிக்குப் போங்க."
"வியாழன் விதைப்பு மிஸ்."
"வெள்ளி?"
"வெள்ளி ஜும்ஆ, சமைக்கோணும்."

பற்றுச்சீட்டின் பின்பக்கம்
சனி என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.
காசை எண்ணி,
சீட்டை இரண்டாய் மடித்து உள்ளே செருகி,
முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டா.
சனிக்கிழமை கிளினிக் இல்லை என்பது
அவ படியிறங்கின பிறகுதான்
எனக்கு நினைவு வந்தது.

எழும்பினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அடுத்த கழுத்து.